புதுக் கார்பெட்டும் பழைய கிரீச்சும்

லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் நம்மவர்கள் வாங்கும் வீடுகளில் பல, நூறு வயது தாண்டிய வரிசை வீடுகள். மாடியறையில் கால் வைத்தாலே பலகை கிரீச்சிடும். "கார்பெட் போட்டாச் சத்தம் நிண்டிடும் அண்ணை" என்று யாராவது சொல்வார்கள். நிற்காது. எவ்வளவு தடித்த அண்டர்லே போட்டாலும் நிற்காது. கார்பெட் காலடி ஓசையைத்தான் அமுக்கும். பலகை ஆணியில் ஏறி இறங்கி உரசும் சத்தம் கீழேயிருந்து வருவது. வருடக் கணக்கான ஹீட்டிங்கில் மரம் காய்ந்து சுருங்கியிருக்கும், பழைய ஆணி பிடியை விட்டிருக்கும். காரணம் அவ்வளவுதான்.

எனவே பழைய கார்பெட்டைக் கழற்றிய நாளுக்கும் புதியது வரும் நாளுக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். காலையில் கழற்றி மாலையில் விரிக்கும் அவசரத்தில்தான் இந்த வேலை கெடுகிறது. ஒருவர் நடக்க, இன்னொருவர் குனிந்து எந்தப் பலகை அசைகிறது என்று பார்த்துச் சோக்கால் கோடு போடட்டும். ஆணித் தலைகள் வரிசையாகத் தெரியும் இடத்தில்தான் அடியில் ஜாயிஸ்ட், அதாவது பலகையைத் தாங்கும் சட்டம் ஓடுகிறது. பழைய ஆணியை மறுபடி அடிக்காதீர்கள்; சில மாதத்தில் திரும்பவும் தளரும். அதன் பக்கத்தில் சிறு துளையிட்டுத் திருகாணி இறக்குங்கள். பலகை சுமார் 20 மில்லிமீட்டர் தடிப்பு என்றால் 50 மில்லிமீட்டர் திருகாணி போதும். தலை மரத்துக்குள் அமிழ வேண்டும். துருத்தினால் அந்த இடத்தில் கார்பெட் தேயும். இடுக்கில் டால்க் பவுடர் தூவுவது தற்காலிக வைத்தியம்.

ஆனால் திருகாணியைக் கையில் எடுக்கும் முன் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய வீடுகளில் ரேடியேட்டர் குழாய், கேஸ் குழாய், சில வேளை மின்கம்பியும்கூட ஜாயிஸ்ட்டின் மேல்முகத்தில் பள்ளம் வெட்டிப் பலகைக்கு நேர் அடியில் கொண்டுபோயிருப்பார்கள். திருகாணி போகும் அதே கோட்டில்! ஒரு பலகை நடுவில் துண்டாக வெட்டப்பட்டிருந்தால் பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ முன்பே திறந்த இடம் என்று அர்த்தம். குழாய் கண்டுபிடிக்கும் கருவியை மட்டும் நம்பாமல் அந்தத் துண்டைக் கிளப்பி டார்ச் அடித்துப் பாருங்கள். செப்புக் குழாயில் ஏறிய திருகாணி அந்த ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு சும்மா இருக்கும். மாதங்கள் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும்போதுதான் விஷயம் வெளியே வரும். கேஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ஜன்னலைத் திறந்து, மீட்டரில் கேஸை மூடி, வெளியே போய் 0800 111 999க்கு அழையுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: பார்க்காமல் திருகாதீர்கள்.

கார்பெட்டுக்கு அடியில் பழைய தரை ஓடும் கறுப்புப் பசையும் தென்பட்டால் சுரண்டவோ உரசவோ வேண்டாம். அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; பிரிட்டனில் அது முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். அதற்கு முந்தைய தரை என்றால் பரிசோதனை செய்த பிறகே கை வையுங்கள். கீழ்த்தளப் பலகை மெத்தென்று அமுங்கினால் அது திருகாணியால் தீராது. வெளிச்சுவரின் காற்றுத் துளைகளைத் தோட்டத்து மண் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் தங்கி மரம் உளுத்திருக்கும்.

இனி காசு விஷயம். நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கடையில் கார்பெட்டுக்குக் கார்டில் கட்டுவார்கள். விரிக்க வருபவருக்குக் கையில் காசு கொடுப்பார்கள். சத்தம் தொடர்ந்தால் கடைக்காரர் "அவர் எங்கள் ஆள் இல்லை" என்பார். விரித்தவர் போனை எடுக்கமாட்டார். ஆகவே பொருளும் வேலையும் ஒரே கடையின் பெயரில், ஒரே விலைப்பட்டியலில் இருக்கட்டும். "தளர்ந்த பலகைகளைத் திருகாணியால் இறுக்கிய பிறகே கார்பெட் விரிக்கப்படும்" என்ற வரியை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் கூடுதல் காசில்லாமல் திரும்பச் செய்யச் சொல்லலாம். அது முடியாவிட்டாலோ இழுத்தடித்தாலோ விலையைக் குறைக்கக் கேட்கலாம். போனில் கத்துவதால் பயனில்லை. திகதி, படம், கேட்கும் பரிகாரம், காலக்கெடு எல்லாம் வைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்குள் இருந்து கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் வங்கியிடமும் கேட்கலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133. அவர்கள் வழி சொல்வார்கள், உங்களுக்காகச் சண்டை போடமாட்டார்கள். கடிதம் எழுதவேண்டியது நீங்கள்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்ட் வரையான பண வழக்கு பொதுவாகச் சிறு வழக்குப் பிரிவில் போகும். அதற்கு முன் வழக்கு முன்னறிவிப்புக் கடிதம் அவசியம்.

வாடகைக்கு இருப்பவர்கள் தாமாகப் பலகையைக் கிளப்பக் கூடாது. பலகை ஆடினாலோ உளுத்திருந்தாலோ வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். லீஸ்ஹோல்ட் ஃப்ளாட் என்றால் லீஸைப் படித்து, அனுமதி தேவையா என்று ஃப்ரீஹோல்டரிடம் கேளுங்கள்.

பலகையை மூடும் முன் அளவு நாடாவை வைத்துக் குழாய்களைப் படமெடுத்து, அந்தப் படத்தை விரிக்க வருபவரிடம் காட்டுங்கள். சுவரோரம் அவர் அடிக்கும் ஆணிப்பட்டையும் ரேடியேட்டர் குழாயைத் தேடிப் போய்க் குத்தும்.