சுண்டுவிரலும் மரக்கிறதா?

சர்க்கரை உள்ளவர் கை மரத்துப்போகிறது என்று வந்தால், நான் முதலில் கேட்பது சுண்டுவிரலைப் பற்றித்தான். ஈரோட்டில் பிசியோதெரபி செய்யும் என்னிடம் தையல் வேலை செய்பவர்கள் நிறைய வருகிறார்கள். "அது நல்லாத்தானுங்க இருக்குது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல்தான். ராத்திரி முழிச்சுக் கையை உதறுனாத்தான் தூக்கமே" என்றார் ஓர் அக்கா. மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்பதற்கு அந்த உதறலே பெரிய தடயம்.

மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் நடுவே குறுகிய வழி உண்டு. 9 தசைநாண்களும், சுண்டுவிரலுக்குப் போகாத மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. பல வருடம் கூடியிருக்கும் சர்க்கரை தசைநாண்களைத் தடிக்கவும் விறைக்கவும் வைக்கிறது. நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் கெடுகின்றன. நலிந்த நரம்பு லேசான அழுத்தத்தையும் தாங்காது.

சர்க்கரையின் பொதுவான நரம்புச் சேதம் வேறு. அது பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும் தொடங்கி, பிறகே கைக்கு வரும். ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். "சர்க்கரைதானே, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவதுதான் என் ஆதங்கம். அழுத்தத்தை நீக்க முடியும்! நரம்புக் கடத்தல் பரிசோதனை இரண்டையும் பிரித்தறிய உதவும்.

தொடக்கத்தில், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட் பலருக்குப் போதும். அது போதாமல் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டால், சில நாள் சர்க்கரை ஏறும். மெட்ஃபார்மின் மாத்திரை நெடுநாள் சாப்பிடுபவர்கள் பி12 அளவையும் பார்க்க வேண்டும்; அது குறைந்தாலும் மரத்துப்போகும். கட்டைவிரலின் அடிமேடு வற்றத் தொடங்கினால் காத்திருக்காதீர்கள். அறுவை நிபுணரிடம் போங்கள். பட்டையை வெட்டிவிடும் அந்தச் சிறு அறுவை சர்க்கரை உள்ளவர்களுக்கும் பலன் தருகிறது.