பிடரி நீரின் அளவு சொல்வது என்ன?

கர்த்தருக்குள் பிரியமான பங்காளர்களே,

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனில் டவுன் சிண்ட்ரோம் தெரிந்துவிடுமா என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். திருத்தணியிலும் நகரிப் பக்கமும் இருந்து வரும் தாய்மார் எங்களிடம் தமிழிலும் தெலுங்கிலும் கேட்பதும் இதுவே.

கர்ப்பத்தின் 11 முதல் 14 வாரங்களுக்குள், சிசுவின் பிடரியில் தோலுக்கடியே மெல்லிய நீர்ப்படலம் தெரியும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிசுக்களில் அது பெரும்பாலும் தடித்திருக்கும். லண்டனில் டாக்டர் நிக்கோலைடஸ் குழுவினர் 1992-இல் இதை வெளியிட்டனர். சிசுவின் நீளம் 45 முதல் 84 மி.மீ.க்குள் இருக்கும்போதே அளக்கவேண்டும். ஐந்தாம் மாதத்தில் முதன்முறை வரும் தாய்க்கு இந்த அளவு உதவாது.

இந்த அளவோடு தாயின் வயதையும் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கணக்கிட்டால், இக்குறையுள்ள 100 சிசுக்களில் சுமார் 90-ஐக் கண்டுகொள்ளலாம். ஆனால் குறையற்ற சிசுவைச் சுமக்கும் 100 தாய்மாரில் சுமார் 5 பேருக்கும் "ஆபத்து அதிகம்" என்றே வரும். அதாவது 1000 பேரைச் சோதித்தால் சுமார் 50 பேர் கலங்கி நிற்பார்கள். உண்மையில் குறையிருப்பது ஓரிருவருக்கே. எனவே இது எச்சரிப்பு, தீர்ப்பு அல்ல. உறுதிசெய்யப் பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கவேண்டும். அதில் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு.

21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே காரணம் என்பது 1959-இலேயே வெளியிடப்பட்டது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு கூடும். 40 வயதில் ஏறக்குறைய 100-க்கு ஒன்று. கிரகணமோ, சாபமோ, மருமகளின் பாவமோ காரணமல்ல. வீட்டாரை உட்காரவைத்து இதைச் சொல்வதும் எங்கள் ஊழியமே.

முடிவு எதையும் நாங்கள் திணிப்பதில்லை. கலங்கிய தாயோடு அமர்ந்திருக்கிறோம். அவர் விரும்பினால் ஜெபிக்கிறோம். இப்பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இருதயக் குறை உண்டு. முன்கூட்டியே அறிந்தால், சென்னையிலோ வேலூரிலோ தக்க வசதியுள்ள இடத்தில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம்.

ஒன்றைக் கேட்க விரும்புகிறோம். பிள்ளையைப் பெற்று வளர்க்கத் துணியும் தாய்க்கு நம் சபையில் இடமுண்டா? அவள் பிள்ளைக்கு ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு பாய் விரித்திருக்கிறோமா? அந்தப் பதிலையும் எண்ணித்தான் பல தாய்மார் முடிவெடுக்கிறார்கள்.



கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர், திருத்தணி