பந்தயக் குதிரைக்கு 3 அடிதான்... மீறும் ஜாக்கிக்கு என்ன தண்டனை?

கொல்லிமலை,

கொல்லிமலையில் திருப்புலி நாடு உள்பட மொத்தம் 14 நாடுகள். இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு ஆடிப்பெருக்கையொட்டி செம்மேட்டில் அரசு விழா நடப்பது எல்லோருக்கும் தெரியும். அவர் ஏறிப்போன குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர் என்பது எத்தனை பேருக்கு தெரியும்? சங்கப் பாட்டிலேயே அது இருக்கிறது.

மலை மேல் ரேஸ் மைதானம் கிடையாது. ஆனால் கீழே இறங்கிப்போய் ரேக்ளா பந்தயம் பார்த்தவர்கள் உண்டு. "அடிச்சாத்தானே ஓடும்" என்று சொல்பவர்களும் உண்டு. கிண்டி மாதிரி பெரிய ரேஸ் மைதானங்களில் குதிரை ஓட்டும் ஜாக்கிகளும் பல காலமாக இதையேதான் நம்பி வந்தார்கள். ஆனால் அங்கே சாட்டைக்கு கணக்கு உண்டு.

விதி என்ன?

2001-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த விலங்குகள் பதிவு விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. ஒரு பந்தயத்தில் ஒரு குதிரையை 3 முறைக்கு மேல் அடிக்கக்கூடாது. சாட்டைக்கும் அளவு உண்டு. முனையில் அதிர்வைத் தாங்கும் மெத்தை மாதிரியான பட்டை இருக்க வேண்டும், தையல், முடிச்சு எதுவும் துருத்திக்கொண்டு இருக்கக்கூடாது. கையை தோளுக்கு மேல் ஓங்கவும் கூடாது. பின்பக்கத்திலும் தோள்பட்டையிலும் தவிர வேறு எங்கும் அடி விழக்கூடாது.

பந்தயம் முடிந்ததும் ஸ்டீவர்டுகள் எனப்படும் நடுவர்கள் வீடியோவை போட்டுப் பார்ப்பார்கள். அடி அதிகம் என்றால் ஜாக்கியை கூப்பிட்டு விசாரணை. அபராதம் அல்லது சில நாட்கள் குதிரை ஏற தடை. தடை நாட்களில் ஜாக்கிக்கு வருமானம் கிடையாது.

ஜாக்கி பாடு

இதில் ஜாக்கியின் நிலைமைதான் பரிதாபம். அடித்தால் தடை. அடிக்காமல் 2-வதாக வந்தால், "வேணும்னே இழுத்துப் பிடிச்சிட்டான்" என்று பணம் கட்டியவர்கள் கத்துவார்கள். ஜெயிக்க முயற்சி செய்யாமல் ஓட்டுவதும் விதிப்படி குற்றம்தான், அதற்கு தண்டனை இன்னும் கடுமை. குதிரை முதலாளியும் அடுத்த முறை வேறு ஆளைத் தேடுவார். எனவே கடைசி 200 மீட்டரில் கை தானாக ஓங்குகிறது.

ஜெயித்தால் பரிசுத் தொகையில் ஜாக்கிக்கு பங்கு உண்டு. பெரிய பந்தயம் என்றால் 4 நாள் தடை ஒரு பொருட்டே இல்லை. அதிகமாக அடித்து ஜெயித்த குதிரையின் வெற்றியும், முதலாளியின் பரிசும் அப்படியேதான் இருக்கும். தண்டனை ஜாக்கிக்கு மட்டும்!

இங்கிலாந்தில் 2011-ல் நடந்ததைப் பாருங்கள். கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் ஜெயித்த ஜாக்கி ஜேசன் மேகுவைருக்கு சாட்டையை அதிகம் வீசியதாக 5 நாள் தடை. குதிரையின் வெற்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. டி.வி.யில் பார்த்த மக்கள் கொதித்துப்போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில் விதி இறுக்கப்பட்டது. உடனே கிறிஸ்டோப் சுமியோன் என்ற ஜாக்கி கடைசி பர்லாங்கில் ஒரே ஒரு அடி கூடுதலாக அடித்ததற்காக சுமார் 50 ஆயிரம் பவுண்டு பங்கை இழந்தார். ஜாக்கிகள் போர்க்கொடி தூக்க, சில நாட்களிலேயே விதி தளர்ந்தது.

2023-ல்தான் அங்கே வழி பிறந்தது. சாதாரண ஓட்டத்தில் 6 அடி, தடை தாண்டும் ஓட்டத்தில் 7 அடி. அதற்கு மேல் 4 அடி கூடினால் குதிரையே தகுதி இழக்கும். பரிசு போய்விடும் என்றதும், "அடிக்காதே" என்று ஜாக்கியிடம் சொல்லும் அவசியம் முதலாளிக்கும் வந்துவிட்டது.

பலன் உண்டா?

சரி, அடித்தால் குதிரை வேகமாக ஓடுமா? 2011-ல் சிட்னி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பந்தயங்களை அளந்து பார்த்தார்கள். சாட்டை படாத கட்டத்தில்தான் குதிரைகள் அதிக வேகத்தில் ஓடின. சாட்டை விழுந்த கடைசி 400 மீட்டரில் களைத்துப்போய் வேகம் குறைந்தது. குதிரைக்கு தோல் தடிமன், வலிக்காது என்ற பேச்சும் எடுபடவில்லை. வலியை உணரும் மேல்தோலும் நரம்பு முனைகளும் மனிதனுக்கு இருப்பது போலவேதான் என்று 2020-ல் வந்த ஆய்வு காட்டியது. நார்வே நாட்டில் 1982-லேயே வேகத்துக்காக அடிப்பதை தடை செய்துவிட்டார்கள். பந்தயம் நிற்கவில்லை.

நம்மூரில் இன்னொரு வேடிக்கை. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் தமிழக அரசு சட்டம் போட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், இது சூதாட்டம் அல்ல, திறமை விளையாட்டு என்று 1996-ல் தீர்ப்பு வந்தது. குதிரையின் திறமையும் ஜாக்கியின் திறமையும்தான் அங்கே பேசப்பட்டது. சாட்டையின் திறமை அல்ல!

2001 விதிகளின்படி பந்தயக் குதிரைகளை விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விதியை மீறினால் பதிவை ரத்து செய்யும் அதிகாரமும் வாரியத்துக்கு உண்டு. எனவே 4-வது அடியைப் பார்த்தவர்கள் புகார் அனுப்பலாம். முன்பு சென்னை திருவான்மியூரில் இருந்த வாரிய தலைமை அலுவலகம் இப்போது அரியானா மாநிலம் பல்லப்கரில் இருக்கிறது.