'லேம்' என்றால் என்ன?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி, மெயில், சாட்டிங் என்று இறங்கியிருப்பவர்களைக் குழப்பும் சிறிய ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அது 'லேம்'. எல், ஏ, எம், இ என நான்கே எழுத்துகள். அகராதியைத் திறந்தால் 'கால் ஊனமான, நொண்டியான' என்று இருக்கும். ஆனால் "தட் ஜோக் வாஸ் லேம்" என்று நண்பர் அனுப்புகிறார். ஜோக்குக்கு ஏது கால்?

இங்கே அதன் பொருள் 'சப்பையான, எடுபடாத' என்பதாகும். ஏளனமாகச் சொல்வது. தமிழிலும் இதே வழக்கு இருக்கிறது. 'நொண்டிச் சாக்கு' என்கிறோம் அல்லவா? அதுதான் 'லேம் எக்ஸ்கியூஸ்'. கேட்பவர் முன் நிற்க முடியாத காரணம். 'லேமர்' என்றால், ஒன்றும் தெரியாமலே எல்லாம் தெரிந்ததுபோல் காட்டிக் கொள்பவர். இது கம்ப்யூட்டர் பிரியர்களிடையே வழங்கிய பழைய கேலிச் சொல்.

பாடல்களை எம்பி3 ஆக மாற்றும்போதும் இப்பெயரைச் சந்திப்பீர்கள். அது திட்டு அல்ல. ஒரு இலவச புரோகிராம். 1998ல் மைக் செங் என்பவர் தொடங்கியது. 'லேம் ஒரு எம்பி3 என்கோடர் அல்ல' என்னும் ஆங்கில வாக்கியத்தின் சுருக்கமே இந்தப் பெயர். தொடக்கத்தில் அது வேறொரு என்கோடருக்கான திருத்தங்களின் தொகுப்பாக மட்டுமே இருந்தது. பின்னர் முழு என்கோடராக வளர்ந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. ஆடாசிட்டி புரோகிராமில் எம்பி3 ஃபைல் உருவாக்க, முன்பு இதைத் தனியே டவுன்லோட் செய்ய வேண்டும். 2019ல் வந்த 2.3.2 பதிப்பிலிருந்து சேர்த்தே தருகிறார்கள்.

சரி, இந்தச் சொல்லை நீங்கள் பயன்படுத்தலாமா? என் அனுபவத்தைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலுவலகச் சுற்றுலாவுக்கு வரவில்லை என்ற நண்பர்களைச் சீண்ட, குரூப் சாட்டில் "டோன்ட் பி லேம்" என்று டைப் செய்து என்டர் தட்டினேன். வராதவர்களில் ஒருவர், ஊன்றுகோலுடன் நடப்பவர். அவர் பதில் எதுவும் எழுதவில்லை. மறுநாள் நேரில் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, பழகிவிட்டது" என்றார். அந்த 'பழகிவிட்டது' இன்னும் உறுத்துகிறது.

எனவே இந்தச் சொல்லைப் படித்தால் புரிந்து கொள்ளுங்கள், எழுதுவதைத் தவிருங்கள். காரணம் சரியில்லை என்றால் 'வீக் எக்ஸ்கியூஸ்' போதும். ஜோக் எடுபடவில்லை என்றால் 'நாட் ஃபன்னி' போதும். என்டர் தட்டும் முன் ஒரு முறை படித்துப் பாருங்கள்.