தொண்டும் சொல்லும்

தொண்டு செய்ய நல்ல உள்ளம் ஒன்றே போதும் என்று பலர் எண்ணுகின்றனர். உள்ளம் தொண்டைத் தொடங்கி வைக்கும். அதனை நிலைக்கச் செய்வது சொல். சிறு சங்கமாயினும் அது இரு திசையிலும் பேசியாக வேண்டும்: உள்ளே உறுப்பினரோடு, வெளியே பொருள் தருவோரோடும் பொதுமக்களோடும். முன்னதில் குறை நேர்ந்தால் பூசல் விளையும். பின்னதில் குறை நேர்ந்தால் ஐயம் விளையும். ஏழைச் சிறுவர்க்கு மாலை வகுப்பு நடத்தவோ, வெள்ள நிதி திரட்டவோ பெங்களூரில் ஒன்றுகூடும் மாணவர்களாகிய நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

இதற்குத் தக்க சான்று, தமிழர் பலர் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்று உழைத்த தென்னாப்பிரிக்காவில் கிடைக்கிறது. 1894இல் காந்தியடிகள் அங்கே நேட்டால் இந்தியர் காங்கிரசை நிறுவிச் செயலாளராய்ப் பணிபுரிந்தார். அஃது உரிமைக்காக எழுந்த சங்கமே. ஆயினும் அதன் நடைமுறை அறச்சங்கங்களுக்கும் பொருந்தும்.

உள் நிருவாகத்தை முதலில் காண்போம். சிறு தொகை கொடுத்தோர் பற்றுச்சீட்டைப் பொருட்படுத்தவில்லை. எனினும் அடிகள் ஒவ்வொரு தொகைக்கும் சீட்டுக் கொடுத்தே தீர வேண்டும் என்றார். மாதந்தோறும், வேண்டின் வாரந்தோறும், கூட்டம் நடந்தது. முந்திய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு படிக்கப்பட்டது. எழுந்து பேசத் தயங்கியவர்களுக்கு அவை முறைகளை அவரே விளக்கினார். தம் சங்கத்தில் நடப்பதை ஊரார் வாயிலாக அறியும் உறுப்பினர் நெடுநாள் உடனிரார் அல்லவா?

வெளியே பேசுவதில் உள்ள இடர் பின்னர்ப் புலப்பட்டது. 1896இல் தாயகம் வந்த அடிகள், நேட்டால் இந்தியர் துயரை ஒரு சிறு நூலாக எழுதி 10,000 படிகள் அச்சிட்டார். தென்னாப்பிரிக்காவில் தாம் முன்பு எழுதியதைவிட மென்மையாகவே எழுதினார். ரூட்டர் நிறுவனம் அதனைச் சுருக்கி இலண்டனுக்குத் தந்தியடித்தது; அச்சுருக்கத்தை மீண்டும் சுருக்கி, இலண்டனிலிருந்து மூன்று வரிகளாக நேட்டாலுக்கு அனுப்பியது. நூலின் மென்மை வழியிலேயே மறைந்தது. வெள்ளையர் கொதித்தனர். 1897 ஜனவரி 13 அன்று டர்பனில் இறங்கிய அடிகளை ஒரு கும்பல் கல்லெறிந்து தாக்கியது.

பழியைத் துடைத்தது எது? பிரோஸ்ஷா மேத்தாவின் அறிவுரையால், இந்தியாவில் அவர் எழுதிவைத்தே பேசியிருந்தார். அப்படிகள் யாவும் கைவசம் இருந்தன. அவற்றைப் பத்திரிகையாளரிடம் கொடுத்து ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் விடை கூறினார். பேட்டி வெளிவந்தபின், அவர்மீது குற்றமில்லை என்று பத்திரிகைகளே எழுதின.

நாம் கொள்ள வேண்டிய பாடம் தெளிவு. நம் செய்தியைப் பிறர் சுருக்குமுன் நாமே மூன்று வரியில் சுருக்கித் தர வேண்டும். வெளியே செல்லும் அறிக்கையை முதலில் உறுப்பினர் படிக்க வேண்டும். சங்கத்தின் சார்பில் பேசுவோர் ஒருவராய் இருத்தல் வேண்டும். சொன்னதற்கும் செலவிட்டதற்கும் படி இருக்க வேண்டும். கைப்பேசியில் நொடிப்பொழுதில் செய்தி பரவும் இந்நாளில் இவை இன்னும் இன்றியமையாதவை.

மொழியையும் மறத்தலாகாது. அடிகள் தொடர்புகொண்டிருந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழ் 1903இல் ஆங்கிலம், குசராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் தொடங்கிற்று. கன்னட மண்ணில் தொண்டாற்றும் நாம் தமிழில் மட்டும் அறிக்கை விட்டால் அண்டை வீட்டாருக்கு அது எட்டுமா? கேட்பவர் மொழியில் சொல்வோம். சொன்னதற்குக் கணக்கும் வைப்போம். அப்போதுதான் நாம் படிப்பை முடித்து ஊர் திரும்பிய பின்னரும் நாம் தொடங்கிய தொண்டு இங்கே நின்று நிலைக்கும்.