தனிமையை விரட்ட ஒரு மந்திரி!

உணவுக்கு மந்திரி உண்டு. கல்விக்கு மந்திரி உண்டு. தனிமைக்கு மந்திரி உண்டா?

2018-ம் ஆண்டு ஜனவரி மாதம் பிரிட்டனில் அப்படி ஒரு மந்திரி நியமிக்கப்பட்டார்! பேச்சுத்துணை இல்லாமல் வாடுகிறவர்களுக்கு வழி செய்வது அவர் பொறுப்பு.

இதற்குக் காரணமாக இருந்தவர், ஒரு தபால்காரரின் பேத்தி.

தாத்தாவோடு போனார்

அவர் பெயர் ஜோ காக்ஸ். இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்தவர். சிறுமியாக இருந்தபோது, பள்ளிக்கூட விடுமுறையில் தாத்தாவோடு சேர்ந்து தபால் கொடுக்கப் போவார்.

சில வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருந்தார்கள். அன்று முழுவதும் அவர்கள் பார்க்கும் ஒரே முகம், தபால்காரர் முகம்தான்! சிறுமியின் மனதில் அது பதிந்துவிட்டது.

பிறகு அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவரையே தனிமை வாட்டியது. சுற்றிலும் எத்தனையோ மாணவர்கள். ஆனால், மனம் விட்டுப் பேச ஆள் இல்லை. வாலிபர்களையும் தனிமை விடாது என்பதை அனுபவத்தில் கண்டார்.

நடுத்தெருவில் கொலை

2015-ல் அவர் பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். அவர் எதிர்க்கட்சி. என்றாலும், ஆளும் கட்சி உறுப்பினர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, தனிமையை ஒழிக்க ஒரு குழு அமைக்க முனைந்தார்.

அதற்குள் விபரீதம் நடந்துவிட்டது. 2016 ஜூன் 16-ந் தேதி, தொகுதி மக்களைப் பார்க்கப் போன இடத்தில், நடுத்தெருவில் ஒருவன் அவரைச் சுட்டான், கத்தியால் குத்தினான். ஜோ காக்ஸ் இறந்தார். அப்போது அவருக்கு வயது 41. இரண்டு சிறு குழந்தைகளின் தாய்.

வேலை நிற்கவில்லை

அவர் தொடங்கிய வேலையை மற்றவர்கள் கைவிடவில்லை. 2017-ல் அவர் பெயராலேயே குழு அமைந்தது. உறவினர், நண்பர் எவரோடும் ஒரு மாதத்துக்கு மேல் பேசாமல் இருக்கும் முதியவர்கள் சுமார் 2 லட்சம் பேர் என்று தெரியவந்தது. நாடு திடுக்கிட்டது. அடுத்த ஆண்டே மந்திரி வந்தார்.

2018 அக்டோபரில் அரசாங்கம் ஒரு திட்டம் போட்டது. தனிமையால் வாடி வருகிறவர்களை டாக்டர்கள் சமையல் வகுப்புக்கும், கூடி நடக்கும் சங்கங்களுக்கும் அனுப்பி வைக்கலாம்.

இன்னொரு ஏற்பாடுதான் விசேஷம். லிவர்பூல் உள்பட 3 ஊர்களில், தபால்காரர்கள் முதியவர்களின் கதவைத் தட்டி, "நலமா?" என்று விசாரிக்க வேண்டும்! பேத்தி கண்ட காட்சி, அரசாங்கத் திட்டம் ஆகிவிட்டது.

2021-ல் ஜப்பானும் தனிமைக்கு மந்திரி நியமித்தது.

மந்திரி சட்டம் போடலாம், பணம் ஒதுக்கலாம். வீட்டு வாசலில் நின்று விசாரிக்க ஒரு மனிதர்தான் வரவேண்டும்.

உங்கள் தெருவிலும் சாத்திய கதவு ஒன்று இருக்கக்கூடும். போய்த் தட்டுங்கள். கையில் தபால் இருக்க வேண்டும் என்பது இல்லை!