பயிர் காக்கும் வேம்பு

விடியற்காலையில் தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்புகள் மலையேறுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் அவற்றில் செல்கின்றனர். செடியின்மீது தெளிக்கப்படும் மருந்து, காய் பறிக்கும் அவர்தம் கைகளிலும் படுகிறது.

ஏலத்தைத் தாக்கும் பூச்சிகளுள் இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் முதன்மையானவை. இலைப்பேன் சுரண்டிய காயின் தோல் சொரசொரப்பாகும்; விலையும் குறையும். அதனால் ஆண்டில் பலமுறை வேதி மருந்து தெளிக்கும் வழக்கம் உண்டாயிற்று. ஆனால், ஏலப்பூவில் மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீ வேண்டும். நஞ்சு அதனையும் கொன்றுவிடுகிறது. தேனீ குறைந்தால் விளைச்சலும் குறையும்.

நஞ்சின் கொடுமையைக் கேரளம் முன்பே கண்டுள்ளது. காசர்கோடு மாவட்டத்து முந்திரித் தோட்டங்களில் வானிலிருந்து பல்லாண்டுகள் தெளிக்கப்பட்ட எண்டோசல்பான், மக்களின் நலத்தைப் பெரிதும் பாதித்தது. 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதற்கு நாடு முழுவதும் தடை விதித்தது.

இந்நிலையில் உழவர்களின் பார்வை வேம்பின்பால் திரும்பியது. மலையாளத்தில் ‘ஆரியவேப்பு’ எனப்படும் இம்மரம், பாலக்காட்டின் கிழக்குப் பகுதியிலும் தமிழ்நாட்டிலும் செழித்து வளர்கிறது. இதன் விதையில் அசாடிராக்டின் என்னும் பொருள் மிகுதியாக உள்ளது. இது பூச்சியை உடனே கொல்வதில்லை. இதன் சுவை பட்ட இலையைப் பூச்சி உண்ண மறுக்கிறது. உண்ட புழுவோ தோலுரித்து வளர இயலாமல் மடிகிறது.

வேப்பெண்ணெய்–பூண்டுக் கரைசல் கேரளக் காய்கறி உழவர்கள் நன்கறிந்தது. 50 கிராம் சோப்பை வெந்நீரில் கரைத்து, 200 மில்லி லிட்டர் வேப்பெண்ணெயை அதில் கலக்க வேண்டும். 200 கிராம் பூண்டை அரைத்து வடிகட்டிய சாற்றையும் சேர்த்து, நீர்விட்டு 10 லிட்டராக்க வேண்டும். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலப்பதற்கே சோப்பு சேர்க்கப்படுகிறது.

வேம்புக்கும் குறைகள் உண்டு. வெயிலில் அதன் ஆற்றல் விரைவில் அழியும்; எனவே மீண்டும் மீண்டும் தெளிக்க வேண்டும். மாலையில் தெளிப்பதே நன்று. அப்பொழுது வெயில் தணிந்திருக்கும். தேனீக்களும் கூடு திரும்பியிருக்கும்.

இவ்வறிவின் உரிமைக்காக ஒரு வழக்கும் நடந்தது. வேப்பெண்ணெயால் பூஞ்சையை அழிக்கும் முறைக்கு அமெரிக்க அரசின் வேளாண் துறையும் ஒரு நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவா முதலியோர் அதனை எதிர்த்தனர். 2000ஆம் ஆண்டில் காப்புரிமை நீக்கப்பட்டது; 2005இல் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. உழவர் பலர் வழிவழியாக அறிந்ததனைப் புதிய கண்டுபிடிப்பு எனல் பொருந்தாது என்பது அவ்வழக்கினால் நிலைபெற்றது.

அருஞ்சொற்பொருள்
மடிதல் – இறத்தல்
வழிவழியாக – தலைமுறை தலைமுறையாக
காப்புரிமை – கண்டுபிடித்தவருக்கு அரசு வழங்கும் தனியுரிமை

சிந்தித்து விடையளிக்க
1. வேம்பு பூச்சிகளை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது?
2. வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளிப்பது ஏன்?
3. உம் வீட்டுப் பெரியோர் வேம்பினைப் பயன்படுத்தும் முறைகளைக் கேட்டு எழுதுக.